டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் 41 வயதில் மாரத்தான் சாம்பியன்! யார் இந்த கிளாரன்ஸ் டிமார்?

அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானை அதிக வயதில் ஜெயித்த ஆண் யார் தெரியுமா? அச்சகத்தில் எழுத்து கோர்த்து பிழைத்த கிளாரன்ஸ் டிமார்.

1911-ல் போட்டிக்கு முன்பு நெஞ்சைப் பரிசோதித்த டாக்டர், இதயத்தில் முணுமுணுப்பு சத்தம் கேட்குது, இனி ஓட்டம் வேண்டாம் என்று எச்சரித்தார். டிமார் அன்றைக்கு ஓடினார், ஜெயித்தார். ஆனால் பயம் மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 12-வது இடம். அதன்பிறகு பல வருஷம் போட்டிப் பக்கம் அவரை அதிகம் பார்க்க முடியவில்லை.

1922-ல் 33 வயதில் திரும்பி வந்தார். 1922, 23, 24 என வரிசையாக மூன்று வெற்றி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார். பிறகு 1927, 28, கடைசியாக 1930. அப்போது வயசு 41! மொத்தம் 7 பட்டம். இத்தனைக்கும் அச்சக வேலையை விடவில்லை, வேலைக்குப் போவதே ஓட்டமாகத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

65 வயதில்கூட பாஸ்டனில் ஓடினார். 1958-ல் இறந்தது வயிற்றுப் புற்றுநோயால், இதயத்தால் அல்ல. பிரேதப் பரிசோதனையில் அவரது இதய ரத்தக்குழாய்கள் சராசரியைவிட 2, 3 மடங்கு அகலமாக இருந்தன.