மரப்பலகையில் விவிலியம் வரைந்தவர்

நோவாவின் கதையை அறியாதார் யார்? பேழையுள் இருந்தோர் பிழைத்தனர். வெளியே நின்றவர் கதி என்ன? பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே அவர்களைத்தான் வரைந்தார். பொங்கும் வெள்ளத்தின் நடுவே ஒரு பாறை; அதன்மேல் குட்டிகளோடு ஒரு புலி; அருகே குழந்தைகள். தாம் மூழ்கும்போதும் பெற்றோர் பிள்ளையை மேலே ஏற்றிவிடத் துடிக்கின்றனர். அப்படத்தைக் காண்போர் கண் பேழையைத் தேடுவதில்லை.

தொரே 1832ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில், ஒரு பொறியாளரின் மகனாகப் பிறந்தார். பதினைந்தாம் வயதிலேயே எர்க்குலிசின் வீரச் செயல்களை நகைச்சுவைச் சித்திரக்கதையாக்கி வெளியிட்டார். அடுத்த ஆண்டே பாரிஸ் நகைச்சுவை ஏடொன்றில் வேலை. 1849இல் தந்தை மறைந்தார். இளைஞரின் தூரிகை குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1854இல் வந்த உருசிய வரலாற்றுச் சித்திரக்கதையில், சுவையற்ற காலங்களுக்கு வெறுங்கட்டங்களையே விட்டுவைத்தார். என்ன துணிச்சல்!

தாந்தேயின் நரகக் காண்டத்தைப் படங்களோடு அச்சிடப் பதிப்பாளர் தயங்கவே, 1861இல் தம் கைப்பொருளையே செலவிட்டார். நூல் வென்றது. 1866இல் விவிலியம் வந்தது: இரு பெரும் தொகுதிகள், இருநூறுக்கு மேற்பட்ட படங்கள். மரப்பலகை மீதே அவர் மையால் தீட்டுவார். செதுக்குவோர் அதை வெட்டி அச்சுக்கட்டை ஆக்குவர். வெட்ட வெட்ட மூல ஓவியம் அழிந்துபோகும், அச்சுப்படியே எஞ்சும். விலையுயர்ந்த ஓவியங்களை வாங்க இயலாத வீடுகளிலும் மோசேயும் சிம்சோனும் அவர் தந்த முகத்தோடேயே குடியேறினர்.

அவருக்கோ அது போதவில்லை. பேரோவியர் என்ற பெயரே வேண்டியிருந்தது. 1868இல் இலண்டனில் அவருக்கெனக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது, மக்கள் திரண்டனர். பிலாத்துவின் மன்றத்தைவிட்டு இயேசு இறங்கிவரும் காட்சியை, ஆறு மீட்டர் உயரமும் ஒன்பது மீட்டர் அகலமும் கொண்ட திரையில் 1872 வரை உழைத்து முடித்தார். பாரிஸ் விமர்சகர்கள் மசியவில்லை. அவர்கள் கூற்றில் சிறிது உண்மையும் உண்டு. கறுப்பு வெள்ளையில் இருந்த வேகம் வண்ணத்தில் இல்லை. ஆயினும் நூல்களுக்குப் படம் வரைபவர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்குவது நேர்மையன்று.

மணம் செய்யாமல் அன்னையோடே வாழ்ந்தவர். 1881இல் அன்னை மறைந்தார். 1883 சனவரியில், ஐம்பத்தோராம் வயதில், தொரேயும் மறைந்தார். பின்னர் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் செசில் டெமில் தம் விவிலியப் படங்களுக்குக் காட்சி அமைக்கையில் தொரேயின் ஏடுகளைத்தான் புரட்டினார். பாரிஸ் ஏற்காத அப்பெரும் ஓவியம் இன்று ஸ்திராஸ்பூர்க் அருங்காட்சியகத்தில், அவர் பிறந்த ஊரிலேயே இருக்கிறது.