திரும்பி வராதவற்றைக் கணக்கெடுத்தவர்: ஏபிரகாம் வால்ட் (1902–1950)

என் பெரியம்மாவின் குடும்பம் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் இருக்கிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள். பெரியம்மாவும் எமது பாடசாலையின் பழைய மாணவிதான். இந்த மலர் அவர் கைக்கும் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, பெரியம்மாவின் மகன் என்னைக் கோடநாடு என்ற இடத்துக்கு அழைத்துச் சென்றார். தேயிலை மலை முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கும் விளிம்பு அது. ரங்கசாமி தூண் என்று சொல்லப்படும் செங்குத்தான பாறை அங்கிருந்து தெரியும். முன்னொரு காலத்தில் அந்தப் பக்கம் ஒரு பிளேன் மலையில் மோதி எல்லோரும் இறந்து போனார்கள் என்று அண்ணன் சொன்னார். நானும் கேட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த விமானத்தில் இறந்தவர்களில் ஒருவர் ஏபிரகாம் வால்ட் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. மேற்படிப்பில் அவர் பெயரிலுள்ள கணிப்பு முறையைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் அட்டவணைகளில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. மலர்க்குழுவினர் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்டபோது இவரைத் தெரிவு செய்ததற்கு அது ஒரு காரணம். மற்றைய காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வால்ட் 1902 ஒக்டோபர் 31ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த கொலொஸ்வார் நகரில் பிறந்தார். அது இன்று ருமேனியாவிலுள்ள குளூஜ் நகரம். குடும்பத்தினர் மத அனுட்டானங்களைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதர்கள். அங்கே சனிக்கிழமையும் பாடசாலை நடக்கும். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். ஆகவே சிறுவன் பாடசாலைக்குப் போகவில்லை. வீட்டில் அண்ணன்மாரிடமே கணிதம் கற்றான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபின், வியன்னாவுக்குச் சென்று கார்ல் மெங்கர் என்ற கணித மேதையிடம் ஆய்வு செய்து 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அக்கால வியன்னாவில் யூதர் ஒருவருக்குப் பல்கலைக்கழகப் பதவி எட்டாக்கனி. கார்ல் ஷ்லெசிங்கர் என்ற வங்கியாளருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தும், பொருளாதார ஆய்வு நிலையமொன்றில் பணியாற்றியும் பிழைத்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஷ்லெசிங்கர் தற்கொலை செய்துகொண்டார். அமெரிக்காவிலிருந்து ஆய்வு அமைப்பொன்று விடுத்த அழைப்பினால் வால்ட் அவ்வருடமே தப்பிச் சென்றார். பின்னால் விட்டு வந்த நெருங்கிய உறவினர்களில் ஒரு சகோதரர் தவிர ஏறக்குறைய அனைவரையும் நாசிகள் கொன்றனர்.

நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் அறிஞராக அவருடைய இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. 1941இல் லூசில் லாங் என்பவரை மணந்தார். போர்க்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் அரசுக்காக இரகசியமாக இயங்கிய புள்ளிவிபர ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். பிறந்த நாட்டினால் அவர் எதிரி நாட்டவர் என்ற வகைக்குள் வந்தார். அவர் எழுதி முடிக்கும் ஒவ்வொரு தாளையும் அவரே படிக்கமுன் பிடுங்கிவிட வேண்டும் என்று உடன் வேலை செய்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

அக்குழுவிடம் வந்த கேள்விகளில் ஒன்று விமானங்களைப் பற்றியது. குண்டுவீசப் போகும் விமானங்கள் எதிரியின் சூட்டுக்கு ஆளாகின்றன. கவசத் தகடு பொருத்தினால் பாதுகாப்பு. ஆனால் தகடு கனமானது, எல்லா இடத்திலும் பொருத்தினால் விமானம் சரிவரப் பறக்காது. எங்கே பொருத்துவது? திரும்பி வந்த விமானங்களில் துளைகளை எண்ணினால், உடலிலும் இறக்கைகளிலும் அதிகம், என்ஜின் பகுதியில் குறைவு என்று வைத்துக்கொள்வோம். துளை அதிகமுள்ள இடத்தில்தான் தகடு வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோர் சொல்லிவிடுவோம்.

வால்ட் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். எண்ணப்பட்டவை எல்லாம் திரும்பி வந்த விமானங்கள். இறக்கையில் அத்தனை துளைகளோடும் அவை வீடு வந்து சேர்ந்திருக்கின்றன. வானத்தில் சூடு எங்கும்தான் படுகிறது. அப்படியானால் என்ஜினில் சூடு பட்ட விமானங்கள் எங்கே? அவை கடலிலும் எதிரி நிலத்திலும் கிடக்கின்றன. ஆகவே வந்தவற்றில் துளை குறைந்த இடமே கவசம் வேண்டிய இடம்.

படைத் தளபதிகளின் கூட்டத்தில் வால்ட் எழுந்து நின்று இதைச் சொன்னதாக இன்று கதை சொல்வதுண்டு. அது பிற்காலத்தில் சேர்ந்த மெருகு. அவர் 1943இல் விட்டுச் சென்றவை எட்டு ஆய்வுக் குறிப்புகள், பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். பார்க்கக் கிடைக்காத விமானங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை, பார்க்கக் கிடைத்தவற்றைக் கொண்டு கணக்கிடும் வழி அவற்றில் இருக்கிறது.

அதே வருடங்களில் இன்னொன்றும் செய்தார். ஒரு பொருளைச் சோதிக்க இத்தனை மாதிரி என்று முன்கூட்டியே தீர்மானித்து, எல்லாவற்றையும் சோதித்த பிறகே முடிவு சொல்வது பழைய வழக்கம். ஒவ்வொரு மாதிரியின் பெறுபேறு வரும்போதும் கணக்கிட்டு, போதிய சான்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளும் முறையை வால்ட் வகுத்தார். பல சந்தர்ப்பங்களில் இதனால் ஏறக்குறைய பாதி மாதிரிகளே போதுமாயின. 1947இல் இது நூலாக வந்தது. ஒரு புதிய மருந்து நன்மை தருவது உறுதியானால், அல்லது கெடுதி செய்வது தெரிந்தால், ஆய்வு முடியும் வரை காத்திராமல் இடையிலேயே நிறுத்தும் வழக்கம் இன்று மருத்துவத்தில் உண்டு. அவ்வழக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அதனால் உயிர் தப்பியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.

1950இன் இறுதியில், இந்திய அரசின் அழைப்பின் பேரில் விரிவுரைகள் ஆற்ற மனைவியுடன் இந்தியா வந்தார். டிசம்பர் 13ஆம் திகதி அவர்கள் சென்ற எயார் இந்தியா விமானம் நீலகிரியின் வட பகுதியில் ரங்கசாமி தூணுக்கு அருகே மோதி நொறுங்கியது. இருவரும் இறந்தனர். வால்டுக்கு வயது 48. பிள்ளைகள் இருவர். அவர்களில் ரொபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. அவர் பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உலகறிந்த பௌதிகவியல் பேராசிரியரானார்.

அது டக்ளஸ் டி.சி.-3 வகை விமானம். டக்கோட்டா என்றால் எமது பெரியவர்களுக்குத் தெரியும். 1947இல் எயார் சிலோன் சேவை தொடங்கியதும் டக்கோட்டாவில்தான். இரண்டு என்ஜின், இரண்டு விசிறி. இரண்டு இருக்கிறதே என்று நாம் தைரியம் கொள்கிறோம். ஆனால் மேலெழும் நேரத்தில் ஒன்று நின்றுவிட்டால் விமானம் நின்ற என்ஜினின் பக்கம் திரும்பப் பார்க்கும். வேகமும் ஓரளவுக்குக் கீழே குறைந்துவிட்டால், விமானி என்ன செய்தாலும் அடங்காமல் உருண்டு விழும். மேலே ஏறும் சக்தியும் பாதியாக அல்ல, பாதிக்கும் மிகக் கீழே போய்விடும். சிறிய இரட்டை என்ஜின் விமானங்களுக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து.

மலைநாட்டு விபத்துகளில் இன்னொரு வகையும் உண்டு. என்ஜின்கள் நன்றாக ஓடும், விமானியும் நலமாக இருப்பார். தாம் இருக்கும் இடத்தைப் பற்றிய கணிப்பு மட்டும் பிழைத்திருக்கும். மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நிமிடப் பிழை ஐந்து கிலோமீற்றர். மேகத்துக்குள் இருந்துகொண்டு, மலையைக் கடந்துவிட்டோம் என்று நினைத்துக் கீழே இறங்கினால், எதிரே மலை தெரியும்போது திருப்ப நேரம் இருக்காது. அக்காலத்து டக்கோட்டாக்களில் நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவி கிடையாது. அத்தகைய கருவிகள் 1970களின் நடுப்பகுதியிலேயே பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாகத் தொடங்கின.

எமக்கு இது புதிதல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, மக்காவுக்குப் புறப்பட்ட இந்தோனேசிய யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த விமானம் மஸ்கெலியா–நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியில் சப்தகன்னி மலையில் மோதி 191 பேர் இறந்தனர். அது நான்கு என்ஜின் ஜெட் விமானம். ஆனாலும் அங்கும் இருக்கும் இடத்தைப் பற்றிய கணிப்புத்தான் பிழைத்தது. 2020 ஜனவரி 3ஆம் திகதி விமானப்படையின் இரட்டை என்ஜின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தனர். மேகம் இறங்கிய மலை எப்படி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளான எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வால்டின் பாடத்தைப் புத்தகத்தில் படித்த நான், அதை விளங்கிக்கொண்டது பிந்தித்தான். புதிதாக நியமனம் பெற்ற காலத்தில், தோட்டத்துக் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தேன். கிளினிக்குக்கு வந்தவர்களின் பதிவேடுகளைப் பார்த்து, நிலைமை பரவாயில்லை என்று எழுதினேன். பல வருட அனுபவமுள்ள மருத்துவமாது ஒருவர் அதைப் படித்துவிட்டு, மேல் டிவிசன் பிள்ளைகள் இதில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவரும் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவள் மழையில் மூன்று மைல் இறங்கி ஏறவும் மாட்டாள். மறுநாள் அவரோடு மேல் லயத்துக்கு நடந்தேன். முதல் காம்பராவில் இருந்த பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணிபோல இருந்தது. நான் எழுதியது திரும்பி வந்த விமானங்களைப் பற்றிய அறிக்கை. அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இப்போது மற்றைய காரணம். இந்த மலரில் டொக்டர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள், வெளிநாடுகளில் நல்ல நிலையில் இருப்பவர்கள் எழுதியிருக்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். பாடசாலை நம்மை எப்படி ஆளாக்கியது என்று ஆளுக்கு ஆள் சொல்கிறோம். ஆனால் நாமெல்லாம் திரும்பி வந்தவர்கள். என்னிடம் ஆறாம் ஆண்டு வகுப்புப் படம் இருக்கிறது, மூன்று வரிசைப் பிள்ளைகள். உயர்தர வகுப்புப் படத்தில் ஒரே வரிசை. என் பக்கத்தில் நின்றவள் என்னைவிட விரைவாகக் கணக்குச் செய்வாள். எட்டாம் ஆண்டில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். அதன் பிறகு அவளைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. பாடசாலையில் எந்த இடம் பலவீனமாக இருந்தது என்பதை என்னால் சொல்ல முடியாது, அவளால் சொல்ல முடியும்.

ஆகவே எனது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பினரும் தமது பழைய படத்தை எடுத்து, சாதாரண தரத்துக்கு முன் நின்றுபோனவர்களின் பெயர்களை எழுதி, தெரிந்தால் காரணத்தையும் குறித்து, சங்கத்துக்கு அனுப்புங்கள். பஸ் காசா, சப்பாத்தா, தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லாமையா, வயதுக்கு வந்ததும் நிறுத்தியதா? சங்கத்தின் உதவி நிதியை எங்கே செலவிடுவது என்பதற்கு வழி அந்தப் பட்டியலில் இருக்கும். என் வகுப்பின் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். இதுவரை 11 பெயர்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன. முதல் பெயர் அவளுடையது.