விளக்குமாறு ஏந்திய மருத்துவர் புனித மார்ட்டின் தெ போரஸ்



நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டங்களில் கூடி, நம்மைவிட்டுப் பிரிந்தோருக்காக மன்றாடுகிறோம். அதற்கு மறுநாள் திருச்சபை நினைவுகூரும் ஒரு புனிதரை நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகிறோம். கறுத்த முகம், வெள்ளை அங்கி, கையில் விளக்குமாறு, காலடியில் ஒரே தட்டில் உண்ணும் நாய், பூனை, எலி. இப்படித்தான் புனித மார்ட்டின் தெ போரஸ் ஓவியங்களில் காட்சி தருகிறார். அந்த விளக்குமாறு அவர் கைக்கு எப்படி வந்தது என்று சிந்தித்தால், அவரது வாழ்வு நமக்குப் புதிதாய்ப் பேசும்.

மார்ட்டின் 1579ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தார். அப்போது அந்நாடு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஹுவான் தெ போரஸ், ஸ்பானியப் பிரபு குலத்தவர். தாய் அன்னா வெலாஸ்கெஸ், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். குழந்தை தாயின் நிறத்தோடு பிறந்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. தந்தை பின்னாளில் தம் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டாலும், மார்ட்டினும் அவர் தங்கை ஹுவானாவும் வறுமையிலும் ஏளனத்திலும் வளர்ந்தார்கள்.

ஏறக்குறைய 12 வயதில் மார்ட்டின் ஒரு நாவிதரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் முடிதிருத்துபவரே காயத்துக்குக் கட்டுப்போடுவார், எலும்பு முறிவைச் சரிசெய்வார், பல் பிடுங்குவார், மூலிகை மருந்தும் தருவார். நாவிதரை மருத்துவர் என்று அழைக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் இருப்பதை நாம் அறிவோம். சிறுவன் மார்ட்டின் அத்தொழிலை நன்கு கற்றுக்கொண்டு, ஏழைகளிடம் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்தார்.

அந்நாளைய லீமாவில் நோய்க்கும் நிறம் பார்க்கப்பட்டது. ஸ்பானியருக்குப் புனித அந்திரேயா மருத்துவமனை இருந்தது. அம்மண்ணின் பூர்வீகக் குடிகளுக்கென்று பேராயர் லொவாய்சா 1549ல் புனித அன்னா மருத்துவமனையை நிறுவியிருந்தார். கறுப்பின அடிமைகளின் உடல்நலமோ எசமானர்களின் மனம்போல இருந்தது. உழைத்து உழைத்து நோயில் விழுந்தவர்களை, விடுதலை என்ற பெயரில் வீதியில் விட்டுவிட்டவர்களும் உண்டு. கறுப்பினத்தாருக்கெனப் புனித பர்த்தலமேயு மருத்துவமனை 1646ல்தான் தோன்றியது. அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே மார்ட்டின் இறந்துவிட்டார். அந்த வெற்றிடத்தில்தான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார்.

ஏறக்குறைய 15 வயதில் அவர் லீமாவிலிருந்த சாமிநாதர் சபை மடத்தின் கதவைத் தட்டினார். ஆனால் கறுப்பினத்தாரும் பூர்வீகக் குடிகளும் அவர்களின் வழிவந்தோரும் முழு உறுப்பினராவதை அன்றைய விதிகள் தடுத்தன. எனவே அவர் ஊழியராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார். கூட்டுவது, துவைப்பது, சமையலறையில் உதவுவது, சகோதரர்களுக்கு முடிதிருத்துவது என்பனவே அவருக்குத் தரப்பட்ட வேலைகள். விளக்குமாறு அவர் கைக்கு வந்தது இப்படித்தான். 1603ல் அவர் துறவற வார்த்தைப்பாடு கொடுக்க வழி பிறந்தது. பின்னர் மடத்து நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

மடம் கடனில் சிக்கியபோது, தம்மை விற்றுக் கடனை அடைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டதாக அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இதை நாம் தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக மறையுரையில் சொல்கிறோம். சொல்வது சரியே. ஆனால் கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒருவர் தம்மை விற்பனைப் பொருளாகக் கருதும் அளவுக்கு அவரை ஆக்கிவைத்தது எது? அந்தச் சமூகத்தின் பாவம் அது. திருச்சபையின் மக்களும் அதில் பங்குகொண்டார்கள். புனிதரின் தாழ்ச்சியைப் புகழும் நாம், அவரைத் தாழ்த்திய அநீதியையும் சேர்த்துப் புகழ்ந்துவிடக் கூடாது.

மார்ட்டின் அந்த அநீதியைத் தம் செயலால் எதிர்கொண்டார். வீதியில் கிடந்த நோயாளிகளைத் தம் அறைக்கே தூக்கிவந்தார். புண்கள் நிறைந்த முதியவர் ஒருவரைத் தம் படுக்கையிலேயே கிடத்தினார். சகோதரர் ஒருவர் இதைக் கடிந்தபோது, அழுக்கான விரிப்பைத் துவைத்துவிடலாம், இரக்கமின்மையைத் துவைக்க முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். தொற்றுநோய்க்கு அஞ்சி, நோயாளிகளை மடத்துக்குள் கொண்டுவரக் கூடாதெனத் தலைவர் தடை விதித்தார். பிறகும் ஒருநாள், கத்திக்குத்துப்பட்டு இரத்தம் சிந்திக்கிடந்த பூர்வீகக் குடி ஒருவரை மார்ட்டின் உள்ளே கொண்டுவந்தார். தலைவர் கண்டித்தபோது, அன்பின் கட்டளையைவிடக் கீழ்ப்படிதல் பெரியது என்பதைத் தாம் அறியவில்லை என்று பணிவோடு சொன்னார். தலைவர் மனம் மாறி, இரக்கச் செயல்களைச் செய்ய அவருக்கு முழு அனுமதி தந்தார்.

தங்கையின் வீட்டையும் நோயாளிகளுக்குத் திறக்கச் செய்தார். வீதியில் விடப்பட்ட குழந்தைகளுக்காகத் திருச்சிலுவை இல்லத்தை உருவாக்கினார். அடிமை, ஸ்பானியர், பூர்வீகக் குடி என்று எவரையும் அவர் வேறுபடுத்தவில்லை. மெக்சிகோவின் பேராயராக நியமிக்கப்பட்டிருந்த ஃபெலிசியானோ தெ லா வேகா லீமாவில் கடும் நோயுற்றபோது, தேடி அழைத்ததும் மார்ட்டினைத்தான். முழுத் துறவியாகத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட அதே கரங்களால் பேராயர் நலம் பெற்றார்.

1639 நவம்பர் 3ஆம் நாள் மார்ட்டின் இறைவனடி சேர்ந்தார். 1837ல் அருளாளர் பட்டம் பெற்றார். திருத்தந்தை 23ஆம் யோவான் 1962 மே 6ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அந்த ஆண்டிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் பல மருத்துவமனைகள் கறுப்பினத்தாரைத் தனி வார்டில் வைத்தன அல்லது சேர்க்கவே மறுத்தன. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் 1966ல் தொடங்கிய மெடிக்கேர் திட்டமும்தான் அந்தச் சுவர்களைப் பெருமளவு தகர்த்தன.

சுவர் விழுந்தாலும் இடைவெளி மறையவில்லை. 2021ல் அந்நாட்டில் 1,00,000 பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மார் ஏறக்குறைய 27 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மாரோ ஏறக்குறைய 70 பேர். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் கருவியைக் கொரோனா காலத்தில் நாமெல்லாரும் அறிந்துகொண்டோம். அக்கருவி, ஆபத்தான ஆக்ஸிஜன் குறைவைக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கத் தவறுகிறது என்று 2020ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. எவரும் பகைமையோடு அதைச் செய்யவில்லை. கருமையான தோலை மனத்தில் கொண்டு சரிபார்க்காததே போதுமானதாக இருந்தது. வெறுப்பு மட்டுமல்ல, கவனியாமையும் உயிரைப் பறிக்கும்.

நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் காயப்பட்டவரை அடிக்கவில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவுதான். நம் பங்கிலும் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கத் துணையில்லாதவர் யார்? வலிக்கிறது என்று சொன்னால் எவரும் நம்பாதவர் யார்? சாதியாலோ மொழியாலோ வறுமையாலோ நம் கண்ணுக்குப் படாமல் போனவர் யார்? நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நம் அன்பியங்கள் எந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை? இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல், அவர்களை அழைத்துச் செல்வோம், அவர்களுக்காகப் பேசுவோம், தடையாயிருக்கும் வழக்கங்களை மாற்றும்படி பொறுப்பில் உள்ளோரிடம் பணிவோடும் துணிவோடும் கேட்போம். மார்ட்டின் தம் தலைவரிடம் செய்ததும் அதுவே.

புனித மார்ட்டின் தெ போரஸ், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.