எஸ்ஸார்ட் சார்ள்ஸ்: வாழ்வும் மதிப்பீடும்

அறிமுகம்

மாணவர்களே, உலகக் குத்துச்சண்டை வீரர்கள் யாவர் எனக் கேட்டால் முகம்மது அலி, ஜோ லூயிஸ், ரொக்கி மார்சியானோ ஆகிய பெயர்களை உடனே கூறுவோம். லூயிஸை வென்றவரும், மார்சியானோவுடன் 15 சுற்றுகள் முழுமையாக நின்று மோதிய ஒரேயொரு வீரரும் ஒருவரே. அவர்தான் எஸ்ஸார்ட் சார்ள்ஸ். ஆயினும் பலர் இவரை அறியார். இவரது வாழ்வை முதலில் நோக்குவோம். பின்னர் சிறந்த வீரர்கள் வரிசையில் இவருக்குரிய இடம் யாதென ஆராய்வோம்.

பிறப்பும் இளமையும்

எஸ்ஸார்ட் சார்ள்ஸ் 1921 ஜூலை 7 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள லோரன்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். சிறு வயதிலேயே ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்குச் சென்று பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். பாடசாலைக் காலத்திலேயே குத்துச்சண்டையில் ஈடுபட்டார். 1939 இல் தொழில்முறை சாராத வீரர்களுக்கான தேசியப் போட்டியில் நடுத்தர நிறைப் பிரிவில் வெற்றி பெற்றார். 1940 இல் தொழில்முறை வீரரானார். வேகமும் நுட்பமும் நிறைந்த இவரை ‘சின்சினாட்டி நாகம்’ என அழைத்தனர்.

பட்டம் கிடைக்காத பிரிவு

சார்ள்ஸின் உடலமைப்புக்குப் பொருத்தமானது இலகு அதிபாரப் பிரிவாகும். இதில் நிறையின் எல்லை 175 இறாத்தலாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவர் இராணுவத்திற் பணியாற்றியதால் சில ஆண்டுகள் வீணாயின. போர் முடிந்து திரும்பியபின் ஆர்ச்சி மூரை 1946, 1947, 1948 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவை வென்றார். ஜோய் மாக்சிமை மொத்தம் ஐந்து தடவை வென்றார். எனினும் இப்பிரிவின் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு இவருக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். மாக்சிம் 1950 இலும் மூர் 1952 இலும் இதே பிரிவில் உலகச் சம்பியன்களாயினர். 1948 வரை அப்பட்டத்தை வைத்திருந்த கஸ் லெஸ்னெவிச்சையும் சார்ள்ஸ் 1949 இல் வென்றார். பட்டம் பெற்ற மூவரையும் வென்றவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

மனதைத் தாக்கிய துயரம்

1948 பெப்ரவரி 20 ஆம் திகதி சிக்காகோவில் சாம் பரூடி என்ற இளம் வீரருடன் சார்ள்ஸ் மோதினார். பத்தாவது சுற்றில் வீழ்ந்த பரூடி, பின்னர் உயிரிழந்தார். இதனால் நிலைகுலைந்த சார்ள்ஸ் குத்துச்சண்டையையே கைவிட எண்ணினார். பரூடியின் குடும்பத்தினரே இவரைத் தேற்றித் தொடருமாறு கேட்டுக்கொண்டனர். இதற்குப் பின்னர் இவரது ஆட்டத்தில் முன்னைய மூர்க்கம் குறைந்தது என்பர். எதிராளியை வீழ்த்த முயலாது புள்ளிகளால் வெல்கிறார் எனப் பார்வையாளர் குறை கூறினர். அந்த எச்சரிக்கைக்குப் பின்னாலிருந்த துயரத்தைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

உலகச் சம்பியன்

ஏறத்தாழ 12 ஆண்டுகள் அதிபாரப் பிரிவின் சம்பியனாகத் திகழ்ந்த ஜோ லூயிஸ் 1949 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஜூன் 22 ஆம் திகதி சிக்காகோவில் ஜேர்சி ஜோ வால்கொட்டை வென்று சார்ள்ஸ் பட்டம் பெற்றார். ஆனால் நியூயோர்க் மாநில ஆணைக்குழு உட்படச் சிலர் இதனை ஏற்கவில்லை. மக்கள் மனதிலும் லூயிஸே சம்பியனாக இருந்தார்.

வரிக்கடன் சுமையால் லூயிஸ் மீண்டும் களமிறங்கினார். 1950 செப்டெம்பர் 27 ஆம் திகதி நியூயோர்க்கில் இருவரும் மோதினர். சார்ள்ஸை விட லூயிஸ் 30 இறாத்தலுக்கு மேல் நிறை கூடியவர். இளமையில் சார்ள்ஸ் போற்றிய வீரரும் அவரே. 15 சுற்றுகளின் முடிவில் சார்ள்ஸ் தெளிவான வெற்றி பெற்றார். அதனால் மக்கள் மகிழவில்லை. தமது நாயகன் தோற்றான் என்றே வருந்தினர். 1951 ஜூலையில் பட்டத்தை வால்கொட்டிடம் இழக்கும் வரை சார்ள்ஸ் அதனை எட்டுத் தடவை தக்கவைத்தார்.

மார்சியானோவுடனான போட்டிகள்

தோல்வியே அறியாத ரொக்கி மார்சியானோவை 1954 ஜூன் 17 இல் சார்ள்ஸ் எதிர்கொண்டார். 15 சுற்றுகளும் நின்று போராடிப் புள்ளிகளால் தோற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் நடைபெற்ற மறுபோட்டியில் மார்சியானோவின் மூக்கு பிளந்து குருதி பெருகியது. போட்டி நிறுத்தப்படும் நிலை நெருங்கவே மார்சியானோ ஆவேசமாகத் தாக்கி எட்டாவது சுற்றில் வென்றார்.

இறுதிக் காலம்

பணத்தேவை காரணமாகச் சார்ள்ஸ் 1959 வரை போட்டியிட்டுப் பல தோல்விகளைச் சந்தித்தார். பின்னர் தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நோய்க்கு ஆளானார். 1968 இல் இவருக்காக நடைபெற்ற நிதி திரட்டும் விருந்தில் மார்சியானோவும் கலந்துகொண்டார். 1975 மே 28 ஆம் திகதி சிக்காகோவில் தமது 53 ஆவது வயதிற் காலமானார். 1990 இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. சின்சினாட்டியில் ஒரு வீதி இவரது பெயரைத் தாங்கியுள்ளது. 2022 இல் அங்கு இவருக்குச் சிலையும் நிறுவப்பட்டது.

மதிப்பீடு

இவர் குறைத்து மதிப்பிடப்பட்டமைக்கான காரணங்கள்:

1. லூயிஸ், மார்சியானோ என்னும் இரு பெரும் வீரர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சம்பியனாக இருந்தமை.
2. மொத்தம் 25 தோல்விகள் பதிவானமை.
3. முதுமையடைந்த லூயிஸையே வென்றார் என்ற கருத்து.

இவற்றுள் மூன்றாவது காரணத்தில் உண்மை உண்டு. அப்போது லூயிஸுக்கு வயது 36. அந்த ஒரு வெற்றியைக் கொண்டு சார்ள்ஸ் லூயிஸை விடச் சிறந்தவர் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் இரண்டாவது காரணத்தை அவ்வாறே ஏற்க முடியாது. 1940 முதல் 1951 ஜூலை வரை இவர் கண்ட தோல்விகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஏனையவை உடல் தளர்ந்த காலத்துக்குரியவை. 90 இற்கு மேற்பட்ட வெற்றிகளையும், வெல்லப்பட்டவர்களின் தரத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

எனவே அதிபாரப் பிரிவில் அலி, லூயிஸ் ஆகியோருக்கு அடுத்த வரிசையில் இவரை வைப்பது நியாயமாகும். இலகு அதிபாரப் பிரிவிலோ இவரே தலைசிறந்தவர் எனக் குத்துச்சண்டை வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

முடிவுரை

ஒரு மாணவனின் திறமையை அவன் நோயுற்றிருந்த தவணையின் புள்ளிகளை மட்டும் கொண்டு அளக்க முடியாது. அதுபோலவே சார்ள்ஸையும் தோல்விகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கலாகாது. யாரை, எப்போது, எந்நிலையில் எதிர்கொண்டார் எனக் கேட்டபின் வழங்கும் தீர்ப்பே நேர்மையான தீர்ப்பாகும்.

பயிற்சி வினாக்கள்

1. இலகு அதிபாரப் பிரிவில் சார்ள்ஸின் நிலை முரண்பாடானது எனக் கூறப்படுவது ஏன்?
2. பரூடியின் மரணம் சார்ள்ஸின் ஆட்டத்தை எவ்வாறு மாற்றியது?
3. தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு வீரரை மதிப்பிடலாமா? காரணங்கள் தந்து விளக்குக.