புளியமரத்தின் கதையை எழுதிய நம் மாவட்டத்துக்காரர்



மாலையில் வட்டக்கோட்டைக்கு நடைபோகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் மலை. மார்த்தாண்ட வர்மா காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் கட்டிய கோட்டை இது என்று வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறோம். ஆனால் கோட்டை எதற்கு என்று குழந்தைகள் கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. இது எல்லை. திருவிதாங்கூர் இங்கேதான் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் இருக்கும் இந்த இடம் வேறொரு மாநிலம்.

அந்த எல்லை மண்ணில் ஓர் ஊர் எப்படி மாறியது என்று ஒரு நாவல் எழுதியவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். அவர் சுந்தர ராமசாமி. வாசகர்களுக்குச் சு.ரா.

1931 மே 30 அன்று பிறந்தார். சொந்த ஊர் நாகர்கோவில் என்றாலும், சிறுவயதுக் காலம் குடும்பத்தோடு கோட்டயத்தில் கழிந்தது. எட்டு வயது வாக்கில்தான் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நோய் அவரைப் படுக்கையில் போட்டது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அதுவரை பள்ளியில் படித்ததும் மலையாளம், சமஸ்கிருதம், ஆங்கிலம்தான். வீட்டில் பேசிய தமிழை எழுதப் படிக்க அவர் முறையாகக் கற்றபோது வயது பதினெட்டை எட்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நம் வளாகத்தில் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர் எத்தனை பேர்! பதினெட்டு வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்கியவர், அடுத்த இரண்டொரு ஆண்டுகளில், 1951இல், புதுமைப்பித்தன் நினைவு மலரைத் தொகுத்து வெளியிட்டார். தம்முடைய முதல் கதையையும் அதில் எழுதினார். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' நாவல்களை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு எல்லையாக இருந்தது அவருக்கு இரண்டு பக்கமும் திறக்கிற கதவாக இருந்தது.

முழுநேர எழுத்தாளராக அவர் உட்கார்ந்துவிடவில்லை. நாகர்கோவிலில் குடும்பத்தின் துணிக்கடையைப் பல ஆண்டுகள் கவனித்தார். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊர் முழுவதும் எதிரில் வந்து நிற்கும். இளமையில் இடதுசாரி இயக்கத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார். பூதப்பாண்டிக்காரரான ஜீவாவிடம் பெரிய மதிப்பு வைத்திருந்தார். பின்னாளில் இயக்கத்திலிருந்து விலகினார். ஆனாலும் 1963இல் ஜீவா மறைந்தபோது அவரைப் பற்றி சு.ரா. எழுதிய கட்டுரையை இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

இனி நாவலுக்கு வருவோம். 'ஒரு புளியமரத்தின் கதை' 1959இல் 'சரஸ்வதி' பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. பத்திரிகை நின்றது, தொடரும் நின்றது. முழுப் புத்தகமாக வந்தது 1966இல். கதைநாயகன் மனிதன் இல்லை. நாற்சந்தியில் நிற்கும் ஒரு புளியமரம்.

மரத்தைச் சுற்றி முன்பு ஒரு குளம் கிடந்தது. மகாராஜா வருகிறார் என்றவுடன் அதன் நாற்றத்துக்குப் பயந்து குளம் இல்லாமல் போகிறது. பழைய கதைகளையெல்லாம் சொல்ல தாமோதர ஆசான் என்று ஒருவர் இருக்கிறார். இளவட்டங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒருநாள் ஆசானும் ஊரைவிட்டுக் காணாமல் போகிறார். பக்கத்திலிருந்த காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா அமைக்கிறார்கள். ரோடு வருகிறது, கடைகள் வருகின்றன, சுதந்திரம் வருகிறது, நகராட்சித் தேர்தல் வருகிறது. கடைக்காரர்களின் போட்டியும் பத்திரிகைக்காரரின் பேனாவும் தேர்தல் கணக்கும் ஒன்றுசேர்ந்து, யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத மரத்தை விவகாரமாக்கிவிடுகின்றன. கடைசியில் நஞ்சு வைக்கப்பட்டு மரம் சாகிறது.

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் மரத்தின் அடியை 'மூடு' என்போம். நாகர்கோவிலில் வேப்பமூடு சந்திப்பில் பஸ் மாறாதவர் நம்மில் யார்? மரத்தின் பெயரையே ஊர் தன் நாற்சந்திக்கு வைத்துக்கொள்ளும். மரம் போனாலும் பெயர் நிற்கும். கதையில் வருவது எந்த ஊர் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த நாவலில் மரத்தைக் கொல்ல ஊரே திரண்டு வருவதில்லை. பெரிய கெட்டவனும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் காரணம் இருக்கிறது. ஒருவருக்குக் கடை, ஒருவருக்குப் பதவி, ஒருவருக்குப் பரபரப்பான செய்தி. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நியாயம்போலவே தெரியும். கூட்டிப் பார்த்தால் ஒரு மரம் செத்துக் கிடக்கும். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்தபின்தான் நெஞ்சு கனக்கிறது.

நாவல் வந்த கொஞ்ச நாளில் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் மௌனம். திரும்பி வந்தபோது எழுத்தே மாறியிருந்தது. பசுவய்யா என்ற பெயரில் கவிதைகள் எழுதினார். 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', 1998இல் கோட்டயத்துச் சிறுவயதை வைத்து 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' என்று மேலும் இரண்டு நாவல்கள். மொத்தம் மூன்றே நாவல்கள்தான். 1988இல் 'காலச்சுவடு' என்ற இதழைத் தொடங்கினார். நம் செய்திமடலைப் போல அதுவும் அப்போது காலாண்டிதழ்தான்! நாகர்கோவிலில் அவருடைய வீடு, எழுத வந்த இளைஞர்கள் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்கிற வீடாக இருந்தது.

சாகித்ய அகாதெமி விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கனடாவிலிருந்து 'இயல்' விருது வந்தது. புளியமரம் ஆங்கிலம், மலையாளம் மட்டுமல்ல, எபிரேய மொழிவரை போனது. இந்த மூலையில் ஒரு நாற்சந்தியில் நடந்த கதை ஜெருசலேம்காரருக்கும் புரிந்திருக்கிறது. 2005 அக்டோபரில், 74ஆம் வயதில், அவர் அமெரிக்காவில் காலமானார்.

இப்போது இவரைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவின் பொருள்நிரலைப் பார்த்திருப்பீர்கள். வாசலோரம் நிற்கும் பூவரசை எடுத்துவிட்டு விருந்தினர் கார் நிறுத்த இடம் செய்வது என்று ஒரு தீர்மானம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை வந்தால் காரைத் தெருவில் விட வேண்டியிருக்கிறது. அது என்னுடைய சின்னக் காரணம். உங்களுக்கும் ஒன்று இருக்கும். இலை உதிர்வது, கம்பளிப்பூச்சி, காரின் மேல் காக்கை எச்சம்.

கையெழுத்துப் போட்ட வாரத்தில்தான் இந்த நாவலை மறுபடி எடுத்தேன். இரவு இரண்டு மணிவரை படித்தேன். காலையில் வாசலில் பால் வாங்கப் போனபோது மரத்தடியில் நம் காவலாளி அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆசானின் ஞாபகம் வந்துவிட்டது.

பூவரசை எடுக்கவே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. கார்களும் நம்முடையவைதானே. கிழக்குச் சுவரோரம் பழைய சாமான் கிடக்கும் இடத்தைச் சுத்தம் செய்தால் இரண்டு கார் நிற்கும் என்று தோன்றுகிறது. கூட்டத்தில் அதைக் கேட்கப் போகிறேன். மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

நாவல் ஒரு பிரதி நம் நூலக அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். படித்தபின்பும் மரத்தை எடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகக் கை தூக்குங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மறக்காமல் அலமாரியில் திருப்பி வையுங்கள். அடுத்த வீட்டுக்காரர் காத்திருப்பார்.