செம்பைப் பொன்னாக்கிய கலைஞர்

பொன்னும் வெள்ளியும் விலை மிகுந்தவை. செம்போ எளிய பொருள். ஆயினும், திறன் வாய்ந்த கையிற் சேர்ந்தால் எளிய பொருளும் அரும்பொருள் ஆகும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் உழைப்பால் உலகிற்கு உணர்த்தியவர் லேயோனார் லிமோசேன் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் ஆவார்.

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், வியன் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது லிமோஷ் நகரம். செம்பின்மேல் எனாமல் பதிக்கும் தொழிலால் அந்நகர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே புகழ் பெற்றிருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அத்தொழில் நலிந்தது. 1370-ஆம் ஆண்டில் ஆங்கிலேய இளவரசர் எட்வர்டின் படை நகரைச் சூறையாடியது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தபின், செம்புத் தகட்டின்மேல் ஓவியம் போலவே எனாமலைத் தீட்டும் புதுமுறை அங்கே தழைக்கலாயிற்று. அக்கலை வளர்ந்துவந்த காலத்தில், 1505-ஆம் ஆண்டையொட்டி, லிமோசேன் பிறந்தார். அவர் தந்தையார் அந்நகரில் ஒரு விடுதி நடத்தி வந்தார்.

எனாமல் என்பது வண்ணக் கண்ணாடியே. உலோகங்களின் கலப்பால் நிறம் ஏற்றிய கண்ணாடியை மாவாக இடித்து, செம்பின்மேல் பரப்பி, உலையில் இட்டுச் சுடுவர். கண்ணாடி உருகிச் செம்போடு ஒன்றிவிடும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்தொழில், செய்வதற்கு மிக அரிது. சூடு ஏறும்போது செம்பும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருபுறம் மட்டும் பூசினால் தகடு வளையும், பூச்சும் வெடிக்கும். ஆதலால் பின்புறத்திலும் எனாமல் பூசுதல் வேண்டும். வண்ணங்கள் யாவும் ஒரே சூட்டில் உருகுவனவும் அல்ல. மிகுந்த சூடு வேண்டுவனவற்றை முதலிற் சுட்டு, மற்றவற்றைப் பின்னர்ச் சேர்த்தல் வேண்டும். சுடுவதற்கு முன் பொடியில் உண்மை நிறம் தோன்றாது. அதனைக் கலைஞர் தம் மனக்கண்ணாலேயே காண வேண்டும். ஒரு தட்டு பல முறை உலைக்குட் சென்று மீளும். கடைசி முறையில் நேரும் சிறு பிழையும் அதுவரை செய்த உழைப்பு முழுவதையும் அழித்துவிடும்.

இத்தகைய தொழிலை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார் லிமோசேன். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் படங்களைத் தழுவி, இயேசுபிரானின் பாடுகளைப் பதினெட்டுத் தகடுகளில் 1532-ஆம் ஆண்டில் தீட்டினார். அவற்றில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்தார். பின்னர் அரசவையின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. 1536-ஆம் ஆண்டில், மன்னர் முதலாம் பிரான்சிசின் தேவியாராகிய எலியனோரின் உருவத்தை எனாமலில் தீட்டினார். அம்மன்னருக்குப்பின் ஆண்ட இரண்டாம் ஹென்றியும் அவரைப் போற்றி, அரண்மனைப் பணியில் அமர்த்தினார்.

அரசரும் பெருஞ்செல்வரும் அவரிடமும் அவர் நகரத்துக் கலைஞரிடமும் தட்டுகள், கிண்ணங்கள், நீர்க்குடங்கள், உப்புச் சிமிழ்கள் முதலியவற்றை விரும்பி வாங்கினர். கறுப்பு எனாமலின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சிட்டு, அது உலர்ந்தபின் ஊசியாற் கீறிக் கோடுகளை எழுப்புவர். வெள்ளையை மேலும் மேலும் ஏற்றி ஒளியும் நிழலும் காட்டுவர். இறுதியிற் பொன்வரி தீட்டுவர். இக்கலங்கள் பெரும்பாலும் உணவு பரிமாறுவதற்கு வாங்கப்பட்டன அல்ல. தவறி வீழ்ந்தால் பூச்சு பெயர்ந்து உதிரும் அன்றோ! விருந்து மண்டபத்தின் அடுக்குகளில் இவற்றை நிரல்பட வைத்து, விருந்தினர் கண்டு வியக்கச் செய்தனர்.

உருவம் தீட்டுவதிலும் லிமோசேன் இணையற்றவர். பிரான்சின் படைத்தலைவர் மோன்மொரன்சியின் உருவத்தை 1556-இல் அவர் தீட்டினார். அது இன்று பாரிசு மாநகரின் லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. 1551-இல் அவர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றும் உண்டு. அதிற் கூடத் தம்மை எனாமல் கலைஞர் என்று குறிக்க அவர் மறக்கவில்லை. அரசவைப் புகழ் எய்திய பின்னரும், தம்மை உயர்த்திய தொழிலைச் சொல்லிக்கொள்வதில் அவர் பெருமையே கொண்டார்.

பிறந்த நகரமும் அவரைப் பெருமைப்படுத்தியது. 1571-இல் நகராட்சித் தலைவர்களுள் ஒருவராக அவர் அமர்ந்தார். 1575-ஆம் ஆண்டிற்கும் 1577-ஆம் ஆண்டிற்கும் இடையில் அவர் மறைந்தார்.

காலம் கடந்தது. 1689-இல் மன்னர் பதினான்காம் லூயி, போர்ச் செலவிற்காகத் தம் வெர்சேல்ஸ் அரண்மனையின் வெள்ளிப் பொருள்களை உருக்கி நாணயம் ஆக்கினார். சிறந்த கைவினைஞர் பலரின் உழைப்பு அவ்வுலையில் மறைந்தது. வெள்ளியின் விலையே அவற்றுக்குப் பகையாயிற்று. லிமோசேனின் கலங்களையோ உருக்க எவரும் எண்ணவில்லை. உருக்கினால் கிடைப்பது சிறிது செம்பே. இன்று பாரிசு, இலண்டன், நியூயார்க்கு நகரங்களின் காட்சிச்சாலைகளில் அவருடைய படைப்புகள் நிறம் மங்காமல் ஒளிர்கின்றன.

பொருளின் விலை உலையில் கரையும். உழைப்பின் விலையோ உலையில்தான் விளையும். லிமோசேனின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.