மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காட்டியவர்

காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1919ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் பிறந்தார். தந்தையின் பண்ணையில் வளர்ந்த அவர், சிறுவயதிலேயே கருவிகளைத் தாமே செய்து பார்த்தார். அக்காலத்து எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டையோடு தெரிந்தது. உள்ளிருக்கும் மூளைக்கட்டி தெளிவாகத் தெரியவில்லை. பல கோணங்களில் கதிர்களைச் செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணினியால் ஒன்றுசேர்த்தால் உட்புறத்தைக் குறுக்குவெட்டாகக் காணலாம் என அவர் எண்ணினார்.

முதற்சோதனைக்கு ஒன்பது நாள்கள் ஆயின, அவர் தளரவில்லை. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் பெண் ஒருவரின் மூளைக்கட்டி அக்கருவியில் தெரிந்தது. மருத்துவர் அதனை அறுவைசெய்து அகற்றினார்.

1979இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டு, 2004இல் மறைந்தார். இன்று நோயை அறியவும், சிகிச்சையால் கட்டி சுருங்கியதா என அளக்கவும் சி.டி. ஸ்கேன் துணைநிற்கிறது. அதன் அளவீட்டு அலகு அவர் பெயரையே தாங்கியுள்ளது.